வடசென்னைத் தொழிலாளரும் சட்ட முன்வடிவுக் குழுக்களும்

1. தோற்றுவாய்

சட்டம் பிறக்கும் இடம் பேரவை என்பர். ஒருவகையில் அஃது உண்மையே. உறுப்பினர் கூடி, வாக்களித்து, அவைத்தலைவர் நிறைவேறியது என்று அறிவித்த பின்னரே முன்வடிவு ஒன்று சட்டமாகும் தகுதியைப் பெறுகின்றது. ஆயினும், ஒரு முன்வடிவின் சொல்லும் பொருளும் செப்பமுறும் இடம் பேரவையன்று. பேரவை அமைக்கும் சிறு குழுவின் அறையே அவ்விடமாகும். அங்கே பேச்சாற்றலுக்கு வேலை குறைவு. பிரிவு பிரிவாகப் படிக்கும் பொறுமைக்கே வேலை மிகுதி. அவ்வறையினுள் யாருடைய குரல் சென்றது, யாருடைய குரல் செல்லவில்லை என்பதைப் பொறுத்தே சட்டத்தின் நன்மை தீமை பெரிதும் அமைகின்றது.

இவ்வுண்மையைப் பொதுப்படக் கூறுவதினும் ஒரு நிலப்பகுதியை எடுத்துக்கொண்டு காட்டுதல் தெளிவு தரும். இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாக வடக்கு நோக்கி நீளும் பகுதியும், அதனையொட்டி மேற்கே பெரம்பூர் வரை பரவிய ஆலைப் பகுதியும் உழைப்பால் உருவான ஊர்கள். துறைமுகம், இருப்புப்பாதை, ஆலை, அனல்மின் நிலையம் ஆகியவற்றைச் சார்ந்தே இங்குள்ளார் வாழ்க்கை நடந்து வந்துள்ளது. இவர்தம் வேலை நேரம், கூலி, சங்கம், ஓய்வூதியம் ஆகிய அனைத்தையும் வரையறுத்தவை சட்டங்கள். அச்சட்டங்களுள் சில குழுவின் வழியாக வந்தன. சில குழுவைக் காணாமலே வந்தன. அவ்விரு வகையையும் ஒப்பிட்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சொல்லும் முறையும்

தமிழர்க்குக் குழுவாட்சி புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலிய வாரியங்களையும், குடவோலை முறையால் அவற்றிற்கு உறுப்பினரைத் தெரிந்த வகையையும் விரித்துரைக்கின்றன. ஆனால் ஒன்றை ஈண்டு மறத்தலாகாது. அவ்வாரியங்கள் ஊர்ப்பணியை நடத்தியவை. சட்ட முன்வடிவுகளை ஆராய்ந்தவை அல்ல. ஆகவே இன்றைய சட்டமன்றக் குழுக்களுக்கு அவற்றை நேர் முன்னோடி எனக் கூறுதல் பொருந்தாது. வாரியம் என்னும் அச்சொல் இன்று துறைமுகத்தை ஆளும் மன்றத்திற்குப் பெயராய் வழங்குகின்றது. அம்மன்றத்தில் தொழிலாளிக்கு இருக்கை உண்டா என்பதே பின்னர் நாம் காணப்போகும் வழக்காகும்.

மசோதா என்று முன்னர் வழங்கியதையே இன்று சட்ட முன்வடிவு என்கின்றோம். அது குழுவுக்குச் செல்லும் வழிகள் இரண்டு. ஒரு முன்வடிவுக்கென்றே அமைக்கப்பெற்று, அதனை ஆராய்ந்து முடித்ததும் கலைந்துவிடுவது தெரிவுக் குழு. துறைதோறும் நிலையாக இருந்து, அத்துறைக்குரிய முன்வடிவுகளையும் மானியங்களையும் ஆராய்வது நிலைக்குழு. இந்திய நாடாளுமன்றத்தில் துறைசார் நிலைக்குழுக்கள் 1993ஆம் ஆண்டு 17 என்ற எண்ணிக்கையில் தொடங்கி, 2004ஆம் ஆண்டு 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையினர் 21 பேரும் மாநிலங்களவையினர் 10 பேருமாக 31 உறுப்பினர் அமர்வர்; அமைச்சர் எவரும் உறுப்பினராதல் இயலாது.

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. தெரிவுக் குழு முன்வடிவின் சொற்களையே திருத்தி, திருத்திய வடிவை அவைக்கு அளிக்கும். நிலைக்குழுவோ இன்னவாறு திருத்துக என்று பரிந்துரைக்கும்; கொள்ளுதலும் தள்ளுதலும் அரசின் விருப்பம். எனினும் பணிமுறை இரண்டிற்கும் ஏறத்தாழ ஒன்றே. முன்வடிவை வெளியிட்டு எழுத்து வடிவான கருத்துகளைக் கோருதல், துறை அதிகாரிகளையும் வல்லுநரையும் பாதிக்கப்படுவோரையும் அழைத்து வாய்மொழிச் சான்று பெறுதல், பிரிவு பிரிவாக ஆராய்தல், அறிக்கை இயற்றுதல், உடன்படாதார் மாறுபாட்டுக் குறிப்பு எழுதி இணைத்தல் என்பன அதன் படிகள். இவற்றுள் இரண்டாவது படியே எளியோர்க்கு உரியது. பேரவையில் பேசத் தேர்தலில் வெல்லல் வேண்டும்; குழுவின்முன் பேச, அச்சட்டத்தால் தாக்குறுவோராய் இருத்தலே போதும்.

3. ஆலைவாயிலில் தொடங்கிய சட்டம்

பெரம்பூர்ப் பகுதியில் பின்னி நிறுவனத்தார் நடத்திய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளரை முதன்மையாகக் கொண்டு 1918ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா தலைவரானார், செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோரின் முயற்சியும் திரு.வி.க.வின் துணையும் அதற்கு வலிமை தந்தன. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களுள் இதனை முன்வைத்து எண்ணுவர்.

1920ஆம் ஆண்டின் இறுதியில் ஆலையில் எழுந்த பிணக்கு நீதிமன்றம் ஏறியது. தொழிலாளர் தம் வேலை ஒப்பந்தத்தை முறிக்குமாறு தூண்டினர் என்று சங்கத் தலைவர்கள்மீது ஆலையார் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் தலைவர்களுக்குத் தடையாணை பிறப்பித்தது. இதன் பொருள் யாது? வேலைநிறுத்தம் செய்க என்று கூறுதலே ஒப்பந்த முறிவுக்குத் தூண்டுதல் ஆயிற்று. தூண்டியவர் இழப்பீட்டுக்கு உரியவராயினர். சங்கம் அமைக்கலாம், ஆனால் சங்கம் எதற்காக அமைந்ததோ அதனைச் செய்யலாகாது என்னும் நிலை உண்டாயிற்று. ஈற்றில் வாடியா சங்கப் பணியினின்று விலகும் உடன்பாட்டோடு அவ்வழக்கு முடிந்தது.

இங்கிலாந்திலும் இத்தகைய நிலை முன்னரே தோன்றியதுண்டு. 1901ஆம் ஆண்டு டாஃப் வேல் இருப்புப்பாதை வழக்கில், வேலைநிறுத்தத்தால் விளைந்த இழப்புக்குச் சங்கமே பொறுப்பு என்று பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. அதனை மாற்ற 1906ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் காப்பு இந்தியாவுக்கு எட்டவில்லை. இலண்டனில் குற்றமற்ற செயல் சென்னையில் வழக்குக்கு உரியதாய் இருந்தது.

சென்னைத் தீர்ப்பின் அதிர்ச்சி தில்லியை எட்டியது. 1921ஆம் ஆண்டு மார்ச்சு 1ஆம் நாள் மத்தியச் சட்டமன்றத்தில் என். எம். ஜோஷி, தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் காக்கவும் சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிந்தார், அவை ஏற்றது. ஆயின் தீர்மானம் சட்டமாதற்கு ஐந்தாண்டு ஆயிற்று. மாகாண அரசுகளின் கருத்தும், முதலாளிகள், சங்கங்கள் ஆகியோரின் கருத்தும் கேட்கப்பட்டன. 1925ஆம் ஆண்டு முன்வடிவு அவையில் வைக்கப்பெற்று, தெரிவுக் குழுவின் ஆய்வைக் கடந்து, 1926ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் ஒப்புதல் பெற்று, 1927ஆம் ஆண்டு சூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் இரு பிரிவுகளை வடசென்னையின் கண்கொண்டு நோக்குதல் வேண்டும். 18ஆம் பிரிவு, தொழிற்தகராறு ஒன்றன் பொருட்டுச் செய்யப்பெற்ற செயல் வேலை ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டுகிறது என்னும் ஒரே காரணத்தால் பதிவுபெற்ற சங்கத்தின்மீதோ அதன் பொறுப்பாளர்மீதோ உரிமையியல் வழக்குத் தொடுக்கலாகாது என்றது. பெரம்பூர் வழக்கிற்கு இதனினும் நேரான விடை இல்லை. 22ஆம் பிரிவு, பொறுப்பாளருள் பாதிக்குக் குறையாதோர் அத்தொழிலில் ஈடுபட்டோராதல் வேண்டும் என்றது. அஃதாவது, எஞ்சிய பாதியினர் வெளியாராகலாம். வாடியாவும் திரு.வி.க.வும் ஆலைத் தொழிலாளர் அல்லர். கற்றோர் துணையின்றி எழுத்தறியாத் தொழிலாளர் சங்கம் நடத்தல் அந்நாளில் அரிது. வெளியாரை முற்றிலும் விலக்கியிருப்பின் சட்டம் சங்கத்திற்கு உரிமை தந்து, நடத்துவாரைப் பறித்திருக்கும். 2001ஆம் ஆண்டுத் திருத்தம் வெளியார் எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐவர், இவற்றுள் எது குறைவோ அது எனச் சுருக்கியது. 2025ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபொழுது 1926ஆம் ஆண்டுச் சட்டம் தன் இடத்தை அதற்கு விட்டு நீங்கியது.

ஐந்தாண்டுக் காலத்தாழ்வு குற்றமே. அவ்விடைவெளியில் 1921ஆம் ஆண்டின் நெடிய வேலைநிறுத்தத்தைச் சென்னைத் தொழிலாளர் சட்டக் காப்பு எதுவுமின்றியே நடத்தித் தோற்றனர். ஆயினும் கேட்டு இயற்றிய சட்டம் தொண்ணூறு ஆண்டுக்கு மேல் நின்றது என்பதும் உடன் எண்ணத்தக்கது.

4. துறைமுக மன்றத்தில் இரண்டு இருக்கைகள்

இனித் துறைமுகத்திற்கு வருவோம். சென்னைச் செயற்கைத் துறைமுகத்தின் பணி 1875ஆம் ஆண்டளவில் தொடங்கியது. 1881ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தது. சர் பிரான்சிசு ஸ்பிரிங் தலைமையில் வாயில் வடகிழக்கு நோக்கி மாற்றப்பெற்ற பின்னரே அது நிலைபெற்றது. ஆட்சிமுறையும் அவ்வாறே படிப்படியாக அமைந்தது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்பாளர் மன்றத்தைத் தோற்றுவித்தது. 1905ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் புதுக்கியது. வணிக மன்றங்களின் பேராளர்க்கு அதில் இடமிருந்தது. மூட்டை சுமந்தோர்க்கு இடமில்லை.

1963ஆம் ஆண்டுப் பெருந்துறைமுகப் பொறுப்பாட்சிச் சட்டம் இந்நிலையை மாற்றியது. 1975ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் அது சென்னைக்கும் உரியதாயிற்று. தலைவர், துணைத்தலைவர் நீங்கலாகச் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்றிற்கும் 19 பேர் வரை உறுப்பினராகலாம். அவருள் துறைமுகத் தொழிலாளரின் சார்பினர் இருவருக்குக் குறைதல் கூடாது. அவரை அமர்த்துமுன் அங்குள்ள தொழிற்சங்கங்களின் கருத்தை மைய அரசு கேட்டல் வேண்டும். இஃது ஒரு பெரும் உரிமை. இருவர் குரல் பத்தொன்பதின்மரிடையே சிறிதெனினும், சட்டம் தந்த இடமாதலின் அதனை எவரும் அகற்றுதல் இயலாது.

2016ஆம் ஆண்டு திசம்பர் 16ஆம் நாள் மக்களவையில் புதிய முன்வடிவு ஒன்று வைக்கப்பெற்றது. பொறுப்பாட்சிகளை நீக்கித் துறைமுக ஆணையங்களை அமைத்தல் அதன் கருத்து. மன்றம் பெரிதாயிருத்தலால் முடிவுகள் தாழ்கின்றன எனக் கூறி, உறுப்பினர் தொகையை 11 அளவில் சுருக்க முனைந்தனர். அச்சுருக்கத்தில் தொழிலாளர்க்கு எஞ்சியது ஓர் இருக்கை. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. ஓர் இருக்கை குறைந்தால் என் என்று வினவலாம். ஒருவர் மட்டும் இருப்பின் அவர் முன்மொழிவதை வழிமொழிய ஆளில்லை. அவர் வாராத நாளில் தொழிலாளர் கருத்தைக் கூறுவாரே இல்லை. இருவர் என்பது எண்ணிக்கையன்று, குரல் அற்றுப்போகாமைக்கு ஒரு காப்பு.

முன்வடிவு போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுத் துறைக்குரிய நிலைக்குழுவுக்குச் சென்றது. அக்குழு 2017ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அறிக்கை அளித்தது. அதன்மீது அரசு 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஏற்ற திருத்தங்களுள் ஒன்று, தொழிலாளர் சார்பினர் ஒருவர் என்பதை இருவர் ஆக்கியது. பிறிதொன்று, தனிநிலை உறுப்பினர் தொகையை இரண்டு முதல் நான்கு வரை எனத் திருத்தியது. குழு அரசைக் கட்டாயப்படுத்தவில்லை. அதற்கு அவ்வதிகாரமும் இல்லை. ஆயினும் எழுதி வெளியிட்ட பரிந்துரையைக் காரணமின்றித் தள்ளுதல் எளிதன்று என்பதே நிலைக்குழுவின் வலிமை.

அம்முன்வடிவு சட்டமாகுமுன் 2019ஆம் ஆண்டு மக்களவை கலைந்தது. அவையோடு முன்வடிவும் காலாவதியாயிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் மீண்டும் ஒரு முன்வடிவு வந்தது. அதில் இரண்டு இருக்கையும் முதலிலேயே இடம்பெற்றிருந்தன. குழுவின் உழைப்பு முன்வடிவோடு மாயவில்லை என்பதற்கு இது சான்று. 2020 செப்டம்பர் 23இல் மக்களவையும், 2021 பிப்ரவரி 10இல் மாநிலங்களவை 84க்கு 44 என்ற வாக்கிலும் அதனை நிறைவேற்றின. அதே ஆண்டு நவம்பர் 3 முதல் அஃது ஆட்சியில் உள்ளது. மன்றத்தில் இன்று 11 முதல் 13 பேர். அவருள் இருவர் தொழிலாளர் சார்பினர். தொகை குறைந்த மன்றத்தில் இருவர் என்பது முன்னையினும் சற்றுக் கனத்த பங்கே.

எனினும் குழு காணாத எல்லைகளையும் சுட்டுதல் கடன். எண்ணூரில் 2001ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, 2014ஆம் ஆண்டு காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாறிய துறைமுகம் நிறுமச் சட்டத்தின்கீழ் அமைந்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை உள்ளிட்ட பதினொரு துறைமுகங்களுக்கே உரியது. எண்ணூர் அதனுள் அடங்காது. 2020ஆம் ஆண்டு மைய அரசின் பங்குகளையும் சென்னைத் துறைமுகமே விலைக்கு வாங்கிவிட்டது. ஆகவே உடைமையால் ஒன்றான இரு துறைமுகங்களுள், தெற்கே உள்ளதில் தொழிலாளர்க்குச் சட்டம் தந்த இருக்கை உண்டு. வடக்கே உள்ளதில் அச்சட்டத்தின்வழி இல்லை. மேலும், காசிமேட்டு மீனவரும் எண்ணூர்க் கழிமுகத்து மீனவரும் துறைமுகத்தால் தாக்குறுவோருள் முதல்வர். மன்ற உறுப்பினர் வகைகளைக் கூறுமிடத்து அவர் பெயர் 1963ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இல்லை; 2021ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இல்லை. குழு தன்முன் வைக்கப்பெற்ற சொற்களைத் திருத்தும். வைக்கப்பெறாத சொல்லைத் தானே கண்டு சேர்த்தல் அரிது.

5. கேளாது இயற்றியதும் கேட்டபின் விடுத்ததும்

குழுவின் பயனை அஃது இல்லாத இடத்தில் வைத்துக் காண்டலும் ஒரு முறையே. 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை தொழிற்சாலைகள் சட்டத்திற்குரிய திருத்த முன்வடிவு ஒன்றைக் குரல் வாக்கால் நிறைவேற்றியது. நாள் வேலையைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க இடந்தரும் வகையில் தொழிற்சாலைகளுக்கு விலக்களிப்பது அதன் பொருள். ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. தெரிவுக் குழு அமைக்கப்பெறவில்லை. தொழிலாளர் எதிர்ப்பு மிகவே, ஏப்பிரல் 24ஆம் நாள் அரசு தொழிற்சங்கங்களை அழைத்துப் பேசி, முன்வடிவின்மேல் நடவடிக்கையை நிறுத்தி வைத்தது. மே முதல் நாள் அது திரும்பப் பெறப்படும் என முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார்.

இந்நிகழ்ச்சியில் அரசு செவிசாய்த்தது பாராட்டற்குரியது. ஆனால் வரிசையை நோக்குக. தொழிற்சங்கங்களின் கருத்து ஏப்பிரல் 24இல் கேட்கப்பட்டது. முன்வடிவு ஏப்பிரல் 21இல் நிறைவேறிற்று. மூன்று நாள் முந்தியிருக்க வேண்டியது மூன்று நாள் பிந்தியது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளில் முறைமாற்று வேலை செய்வோர், பன்னிரண்டு மணி வேலை என்றால் வீட்டிலிருந்து வந்து போகும் நேரத்தையும் சேர்த்து எத்தனை மணி ஆகும் என்பதை எந்த அதிகாரியினும் நன்கு உரைத்திருப்பர். அவர் உரைக்க வேண்டிய இடம் குழுவின் அறை. அவ்வறை திறக்கப்படாமையால் வீதியில் உரைக்க நேர்ந்தது. ஏற்கெனவே இயற்றியதைத் திரும்பப் பெறுதல் அரசுக்கும் பெருமையன்று, பேரவைக்கும் பெருமையன்று.

இந்நிலை ஒரு மாநிலத்திற்கு மட்டும் உரியதன்று. பி.ஆர்.எஸ். சட்டமியற்றல் ஆய்வு நிறுவனத்தின் கணக்கின்படி, 15ஆம் மக்களவையின் காலத்தில் (2009-2014) முன்வடிவுகளில் ஏறத்தாழ 71 விழுக்காடு குழுக்களுக்குச் சென்றன. 17ஆம் மக்களவையின் காலத்தில் (2019-2024) ஏறத்தாழ 16 விழுக்காடே சென்றன.

6. ஒரு மறுப்பும் விடையும்

குழுவுக்குச் சென்ற முன்வடிவெல்லாம் உழைப்போர்க்கு நன்மையாய்த் திரும்புமோ என்று வினவுவார் உளர். இல்லை என்பதே நேர்மையான விடை. 2019ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்பு முன்வடிவைத் தொழிலாளர் துறை நிலைக்குழு ஆராய்ந்து 2020ஆம் ஆண்டு ஏப்பிரலில் அறிக்கை அளித்தது. ஆட்குறைப்பு, ஆலைமூடல் ஆகியவற்றிற்கு அரசின் முன் இசைவு வேண்டும் என்ற கட்டுப்பாடு, 100 தொழிலாளர் கொண்ட நிறுவனங்களுக்கு என்றிருந்ததை 300 என உயர்த்துமாறு அக்குழுவே கூறியது. சில உறுப்பினர் மாறுபாட்டுக் குறிப்பு எழுதினர். முடிவில் 300 என்பதே சட்டத்தில் நின்றது.

எனவே குழு தொழிலாளரின் நண்பன் என்றோ பகைவன் என்றோ கூறுதல் பொருந்தாது. அது ஒரு தராசு. வைக்கப்படும் எடைக்கேற்பச் சாயும். ஆனால் தராசில் வைத்து நிறுத்தபொழுது, எந்தத் தட்டில் எது வைக்கப்பட்டது என்பது எழுத்தில் நிற்கின்றது. யார் என்ன கூறினர், யார் உடன்படவில்லை, ஏன் என்பன பின்வருவோர்க்கு அறிக்கையாய்க் கிடைக்கின்றன. குரல் வாக்கில் ஒரு நாளில் நிறைவேறிய முன்வடிவுக்கு இத்தகைய ஆவணம் இல்லை. தோற்ற வழக்கும் எழுத்தில் இருந்தால் மீண்டும் எடுக்கலாம். எழுத்தில் இல்லாத வழக்கை எடுப்பது அரிது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். பெரம்பூர் ஆலைவாயிலில் எழுந்த குறை, கருத்தறிதலையும் தெரிவுக் குழுவையும் கடந்து நாடு முழுமைக்கும் உரிய சட்டமாயிற்று என்பது ஒன்று. துறைமுக மன்றத்தில் இரண்டாயிருந்து ஒன்றாகவிருந்த இருக்கை, நிலைக்குழுவின் ஆய்வால் மீண்டும் இரண்டாயிற்று என்பது மற்றொன்று. குழுவைக் காணாத முன்வடிவு பத்து நாளில் திரும்ப நேர்ந்தது என்பது மூன்றாவது.

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் விதிகளிலும் தெரிவுக் குழுவுக்கு இடமுண்டு. புதிய விதி வேண்டியதில்லை; இருப்பதை வழங்கினாற் போதும். உழைப்போரின் நேரம், கூலி, சங்கம் ஆகியவற்றைத் தொடும் முன்வடிவு ஒவ்வொன்றும் தெரிவுக் குழுவுக்குச் செல்லுதலை மரபாக்குக. அக்குழு தலைமைச் செயலகத்தில் மட்டும் அமராமல், இராயபுரத்திலும் எண்ணூரிலும் அமர்ந்து சான்று கேட்குக. கேட்டவற்றைத் தமிழில் அச்சிட்டு வெளியிடுக. சான்று கூறியவர் தாம் கூறியது ஏற்கப்பட்டதா என்பதைத் தம் மொழியில் படித்தறிதல் வேண்டும். அவ்வாறு அறியும் நாளில், சட்டம் மேலிருந்து இறங்கியது என்னும் எண்ணம் நீங்கி, தம்மையும் கேட்டு இயற்றியது என்னும் உரிமையுணர்வு அவர்க்கு உண்டாகும் என்று யாம் கருதுகின்றோம்.